பின்பக்கத்தால் நுழைந்த அணுக்கள்

செபமாலைமுத்து றூபனை லண்டன் மோர்டனில் எல்லோருக்கும் தெரியும். அவன் என்ன வேலை செய்கிறான் என்பதுதான் ஒருவருக்கும் தெரியாது. தாய் மெற்றில்டா அன்ரி "வெல்டிங்கிலை டொக்டர்" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அதை நம்பி, கோயிலுக்கு வருகிற ஒருவர் தன் வீட்டுக் கேற்றின் பிணைச்சல் விட்டுப்போச்சு, வந்து ஒட்டித்தர ஏலுமோ என்று கேட்டிருக்கிறார். றூபன் தன் வாழ்நாளில் வெல்டிங் கம்பியைக் கையால் தொட்டதில்லை. அவன் வேலை செய்த கட்டடத்தில் சூடாவதென்றால் தேத்தண்ணிக் கேத்தில் ஒன்றுதான், அதுவும் முக்கால்வாசி நாள் பழுது.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், நாலு வருசம் அவனுடைய பக்கத்து மேசையில் இருந்து அதே வேலையைச் செய்தவள் நான். பிறகு வெறுத்துப்போய் ஒரு இன்சூரன்ஸ் கொம்பனிக்குப் போய்விட்டேன். அங்கேயும் நடக்காததை நடந்ததாகக் கணக்குப் போடுவதுதான் வேலை. ஆனால் அங்கே அதற்கு விஞ்ஞானம் என்று பெயர் வைத்து ஒருவரும் நெஞ்சை நிமிர்த்துவதில்லை.

வேலை இதுதான். செம்புத் தகட்டையும் அலுமினியத் தகட்டையும் சேர்த்து வெல்ட் பண்ணினால், ஒட்டிய இடத்தில் ஒன்றின் அணுக்கள் மற்றதற்குள் மெல்ல மெல்ல ஊர்ந்து போகும். கொஞ்சம் போனால் பிடிப்பு. கூடப் போனால் நடுவில் ஒரு படலம் உண்டாகி, கண்ணாடி மாதிரி நொறுங்கிவிடும். மின்சார பஸ்களின் பற்றரிக்குள் இப்படியான ஒட்டுகள் நிறைய இருக்கின்றன. ஆகவே எவ்வளவு ஆழம் போகிறது என்று தெரிந்துகொள்வது நல்ல விஷயம்தான், நான் மறுக்கவில்லை.

றூபன் அதைக் கம்பியூட்டருக்குள் செய்து பார்ப்பவன். ஒரு பெட்டி. கீழே செம்பு, மேலே அலுமினியம். எண்பதினாயிரம் அணுக்கள் அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றும் பக்கத்தில் இருப்பதை எவ்வளவு இழுக்கும், எவ்வளவு தள்ளும் என்று கம்பியூட்டர் கணக்குப் பார்க்கும். ஒரு கிழமை அது மூச்சு வாங்கி ஓடி முடித்தால், பெட்டிக்குள்ளே கண் இமைக்கும் நேரத்தில் கோடியில் ஒரு பங்கு கழிந்திருக்கும். அந்த நேரத்துக்குள் எந்த அணு எங்கே போகும்? போகாது. போகாவிட்டால் சூட்டைக் கூட்டு. அப்படியும் போகாவிட்டால் இன்னும் கூட்டு. ஏதாவது அசைந்ததும் நிறுத்திவிட்டு, செம்புக்குச் செம்மஞ்சளும் அலுமினியத்துக்கு நீலமும் பூசிப் படமெடுத்துக் கட்டுரை எழுது. எங்கள் துறையில் இருப்பவர்களிடம் இப்படிச் சொன்னால் முகத்தைத் தூக்குவார்கள், ஆனால் இல்லை என்று சொல்லமாட்டார்கள்.

றூபன் குருநகரில் பிறந்து, ஒன்பது வயதில் லண்டனுக்கு வந்தவன். தகப்பன் செபமாலைமுத்து வாய் திறக்காத மனுசன், இந்தக் கதையில் அவருக்கு வேலை இல்லை. தாய் ஆஸ்பத்திரி லோன்றியில் பெட்சீற் மடித்து மகனைப் படிப்பித்தார். அவனும் படித்தான். பன்னிரண்டு வருசமாக ஒரே பல்கலைக்கழகத்தில் ஒப்பந்த வேலை. முதலில் இரண்டு வருசம், பிறகு ஒரு வருசம், பிறகு ஆறு மாதம், பிறகு மறுபடியும் ஒரு வருசம். நிரந்தர வேலை வரட்டும், கலியாணம் செய்வம். நிரந்தர வேலை வரட்டும், வீடு பார்ப்பம். இப்படிச் சொல்லிச் சொல்லியே நாற்பது வயதாகிவிட்டது. ஒப்பந்தம் முடிகிற ஒவ்வொரு முறையும் தாய் மெழுகுதிரி கொளுத்துவார், மகன் "ஓம் சேர்" என்பான், வேலை கொஞ்ச நாள் நீளும். மெழுகுதிரி பாதி, "ஓம் சேர்" பாதி.

அந்தச் சேர்தான் பேராசிரியர் நரசிம்மன். சென்னைக்காரர். ஆங்கிலத்தில் பேசும்போது பஞ்சு மாதிரி இருப்பார். எங்களோடு அவர் தமிழில் பேசத் தொடங்கினால், எங்களிடமிருந்து எதையோ எடுக்கப்போகிறார் என்று அர்த்தம். எனக்கு இது முதல் மாதத்திலேயே விளங்கிவிட்டது. றூபனுக்குப் பன்னிரண்டு வருசமாகியும் விளங்கவில்லை. தமிழில் பேசுகிறாரே, எங்கட ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

தொடக்கத்தில் றூபன் பெட்டியின் மேலேயும் கீழேயும் கொஞ்சம் வெற்றிடம் விட்டிருந்தான். அது விடவேண்டிய இடம். நரசிம்மன் ஒரு நாள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"இது என்னப்பா, மேலயும் கீழயும் கருப்பா? அணுவே இல்லாத எடத்துக்கு எதுக்குப் பெட்டி? படத்துல பாக்க அசிங்கமா இருக்கு. தூக்கிடுங்க."

"ஓம் சேர்," என்றான் றூபன். தூக்கிவிட்டான். பெட்டி விளிம்புவரை அணுக்களால் நிறைந்து, படம் உண்மையிலேயே அழகாக வந்தது. ஒரு விஞ்ஞானி வெற்றிடத்தை எடுத்ததற்கு இதைவிடக் கேவலமான காரணம் இருக்கமுடியாது.

அடுத்ததாக வந்த முடிவைப் பார்த்து எல்லோருக்கும் தலைகால் தெரியவில்லை. செம்பு அணுக்கள் அலுமினியத்துக்குள் அதுவரை எல்லோரும் நம்பியதைவிட இரண்டு மடங்கு ஆழம் போயிருந்தன. கட்டுரை வெளிவந்தது. பல்கலைக்கழகம் பஸ் பற்றரிப் புரட்சி என்று செய்தி போட்டது. அதில் நரசிம்மன் கையைக் கட்டிக்கொண்டு முன்னுக்கு நின்றார், றூபன் பின்னுக்கு ஒரு செடிக்குப் பக்கத்தில் நின்றான். வெளியூர்களில் இருந்தெல்லாம் ஆட்கள் எழுதி, நுழைந்த அணுக்களை எண்ணி ஆழத்தைக் கணக்கிடுகிற உங்களுடைய புரோகிராமைத் தரமுடியுமா என்று கேட்டார்கள். நல்ல பிள்ளை அல்லவா, கேட்ட எல்லோருக்கும் கொடுத்தான். அவர்களும் அவனுடைய படத்தைப் பார்த்து வெற்றிடம் இல்லாத பெட்டிகளையே அடுக்கி ஓடவிட்டு, அவனுடைய புரோகிராமால் எண்ணி, எங்களுக்கும் அப்படியே வருகிறது, அருமையான ஒற்றுமை என்று கட்டுரைகள் எழுதினார்கள். ஒரு ஆள் கூடத் தன் விரலால் எண்ணிப் பார்க்கவில்லை.

இந்த வெற்றியின் சூட்டில் நிரந்தர விரிவுரையாளர் வேலை ஒன்று விளம்பரமானது. விளம்பரத்தை வாசித்தால் றூபனின் உடம்புக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. தெரிவுக்குழுவில் நரசிம்மன். இனி வேறென்ன வேண்டும்?

நேர்முகத்தில் காட்டுவதற்காக றூபன் ஒரு சின்னப் படம் தயாரித்தான். ஆயிரக்கணக்கான செம்மஞ்சள் அணுக்களுக்குள் ஒன்றை மட்டும் பச்சையாக்கி, அது எப்படி மேலே போய் அலுமினியத்துக்குள் நுழைகிறது என்று குழுவுக்குக் காட்டலாம் என்பது எண்ணம். ஓடவிட்டுப் பார்த்தால் பச்சை அணு மேலே போகவில்லை. கீழே இறங்கியது. பெட்டியின் தரையால் மறைந்தது. அடுத்த கணம் பெட்டியின் கூரையால், அலுமினியத்துக்குள் வந்து நின்றது.

இந்த மாதிரிப் பெட்டிகளின் குணம் அப்படி. ஒரு பக்கத்தால் வெளியே போகிறது எதிர்ப் பக்கத்தால் உள்ளே வரும், எல்லை இல்லாத உலோகம் என்று பாவனை காட்டுவதற்காக. வெற்றிடம் இருந்தவரைக்கும் பிரச்சினை இல்லை, அதைத் தாண்டி ஒன்றும் போகாது. வெற்றிடத்தைத் தூக்கியதும் செம்பின் அடிப்பாகம் அலுமினியத்தின் தலையோடு போய் ஒட்டிவிட்டது. அதாவது பெட்டிக்குள் ஒரு ஒட்டு இல்லை, இரண்டு ஒட்டு. முன்கதவால் போன அணுக்களையும் பின்கதவால் போன அணுக்களையும் சேர்த்து எண்ணி, எல்லாம் முன்கதவால் போனதாகக் கணக்கு எழுதியிருந்தான்.

எனக்கு வேலையிடத்துக்கு போன் எடுத்தான். குரல் தண்ணீருக்குள் இருந்து வருகிற மாதிரி இருந்தது.

"மாலினி, ரண்டு பக்கத்தாலும் போனதைச் சேத்துப்போட்டு ஒரு பக்கம் எண்டு எழுதிப்போட்டன். ஆழம் அரைவாசிதான். புத்தகத்திலை ஆதியிலை இருந்து என்ன இருக்கோ, அதுதான்."

"மற்ற ஆக்கள் எல்லாருக்கும் அப்பிடியே வந்ததே?"

"என்ர புரோகிராமாலை எண்ணினா என்ர பிழைதானே வரும்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அவனை நினைக்கப் பாவமாகவும் இருந்தது. நரசிம்மனிடம் சொல், ஆனால் எழுத்தில் சொல் என்றேன். எழுதினால் அவருக்கு மனம் நோகும் என்று நேரே போய்ச் சொன்னான், அந்த விசரன்.

நரசிம்மன் கதவைச் சாத்தச் சொன்னார். பிறகு தமிழுக்கு மாறினார்.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"இப்பதான் சேர் கண்டுபிடிச்சனான்."

"அப்போ ஏன் பதட்டப்படுறீங்க? இன்டர்வியூ முடியட்டும் றூபன். வேலை கைக்கு வந்துடட்டும். அப்புறம் அழகா ஒரு திருத்தம் போட்டுக்கலாம். நான் பாத்துக்கிறேன்."

"சேர், இதைப் பாத்து ஆக்கள் பற்றரி செய்யினம்."

"அவங்க டெஸ்ட் பண்ணிப் பாக்காமலா செய்வாங்க? நம்மள நம்பியா பஸ் ஓடுது?"

அந்த ஆள் தன் வாழ்நாளில் எங்கள் துறையைப் பற்றிச் சொன்ன ஒரே உண்மை அதுதான். அதையும் கதவைச் சாத்திவிட்டுத்தான் சொன்னார்.

றூபன் வீட்டுக்குப் போனான். தாய் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். கட்டுரையில் பிழை இருக்கிறது, நேர்முகத்தில் அதைச் சொல்லப்போகிறேன் என்றான். அன்ரி கத்தியை வைக்கவில்லை.

"ஆரும் உன்னைக் கேட்டவங்களோ?"

"இல்லை."

"கேக்காததுக்கு என்னத்துக்கு மறுமொழி சொல்லுறாய்?"

"பிழை அம்மா. நான் செய்த பிழை."

"பன்ரண்டு வருசமா நீ சரியாச் செய்ததுக்கு ஒருத்தனும் வேலை தரேல்லை தம்பி. பிழையாச் செய்ததுக்குத் தர வாறாங்கள். வாயை மூடிக்கொண்டு வாங்கு."

இதே மெற்றில்டா அன்ரி வெள்ளிக்கிழமையில் மறந்துபோய் ஒரு துண்டு இறைச்சி தின்றதற்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தவர். அதைச் சொல்லிக் காட்டாமல் நான் எழுதினால் எனக்குக் கை உளையும். ஆனால் அவர் சொன்னதில் பிழை பிடிக்கவும் எனக்கு முடியவில்லை. பன்னிரண்டு வருசமாக அவன் கவனமாகச் செய்த வேலைகளை ஒரு நாயும் திரும்பிப் பார்த்ததில்லை.

நேர்முகத்தன்று குழுவில் ஐந்து பேர். றூபன் முதலிலேயே பச்சை அணுவின் படத்தைப் போட்டான். அது தரையால் போய்க் கூரையால் வருவதை எல்லோரும் பார்த்தார்கள். என்னுடைய கட்டுரை பிழை, ஆழம் அரைவாசிதான், என்னுடைய புரோகிராமைப் பாவித்த எல்லோருடைய கட்டுரையும் பிழை என்றான். வேறு பிரிவில் இருந்து வந்த ஒரு அம்மா, இதைச் சொல்வதற்குத் துணிவு வேண்டும் என்றார். உடனே நரசிம்மன் தொண்டையைச் செருமினார். தானும் இதை இப்போதுதான் முதன்முதலாகக் கேட்பதாகவும், தனக்கு அதிர்ச்சியாக இருப்பதாகவும், முன்பே தன்னிடம் வந்து சொல்லியிருந்தால் வழிகாட்டியிருக்கலாம் என்றும் அந்தப் பஞ்சு ஆங்கிலத்தில் சொன்னார்.

அந்த இடத்தில் பழைய றூபன் "ஓம் சேர்" என்றிருப்பான். இந்த றூபன் அவரை நேரே பார்த்து, இல்லை, போன கிழமை உங்களுடைய அறையில் வைத்துச் சொன்னேன், நேர்முகம் முடிந்து வேலை கிடைக்கும்வரை பேசாமல் இருக்கச் சொன்னீர்கள் என்றான். சத்தம் போடவில்லை. அணுவைப் பற்றிச் சொன்ன அதே குரலில் சொன்னான். இதை அவன் எனக்குச் சொன்னபோது எழும்பி நின்று கை தட்டவேண்டும் போல இருந்தது. அவ்வளவு சந்தோசம் எனக்கு. நாலு வருசமாக நான் சொல்ல நினைத்து விழுங்கியதெல்லாம் அந்த ஒரு வசனத்தில் இருந்தது.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை போன் வந்தது. குழுவில் எல்லோரும் அவனுடைய நேர்மையை மெச்சினார்களாம். அப்படி ஒரு நேர்மையாம், அரிதாம். ஆனால் கூடி வேலை செய்கிற பக்குவம் இன்னும் கொஞ்சம் வரவேண்டுமாம். வேலை அஷ்வின் என்ற ஒரு ஆளுக்குப் போனது. ஆள் யாரென்று பார்த்தால், றூபனின் புரோகிராமை வாங்கி, அதே பிழையான எண்ணை எடுத்து, அருமையான ஒற்றுமை என்று எழுதியவர்களில் ஒருவன். அவனுடைய கட்டுரையும் பிழை என்று குழுவுக்கு முதல்நாள்தான் றூபன் விளக்கியிருந்தான். அந்தப் பிழையை அவன் செய்யவில்லையாம், வெறுமனே நம்பினானாம். பிழையைச் செய்தவனுக்கு நேர்மைப் பட்டம், நம்பினவனுக்கு வேலை. கண்டுபிடித்தவனுக்கு என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை.

சனிக்கிழமை மெற்றில்டா அன்ரி எனக்குப் போன் எடுத்தார். "நாளைக்குக் கோயிலுக்கு வாங்கோ பிள்ளை. றூபனுக்கு நன்றிப் பூசை." எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் வேதக்காரி இல்லை, பூசைக்குப் போய்ப் பழக்கமும் இல்லை, ஆனால் எதற்கு நன்றி என்று அறியாமல் இருக்க ஏலவில்லை. நான் இருக்கிற தோர்ண்டன் ஹீத்தில் இருந்து இரண்டு பஸ் மாறிப் போனேன்.

பூசைக்கு முன் ஒரு பெண் ஒலிவாங்கியில் வாசித்தாள். "மெற்றில்டா செபமாலைமுத்து குடும்பத்தினர், தங்கள் மகன் றூபனுக்குப் பல்கலைக்கழகத்தில் நிரந்தர விரிவுரையாளர் பதவி கிடைத்தமைக்கு நன்றியாக இன்றைய திருப்பலியை ஒப்புக்கொடுக்கின்றனர்." நேர்முகத்துக்கு முந்திய ஞாயிறே அன்ரி அதைக் கொடுத்து வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை முடிவு தெரிந்த பிறகும் போய் மாற்றவில்லை. எனக்கு முன் வரிசை வாங்கில் இருந்த றூபனின் பிடரி மெல்ல மெல்லச் சிவந்தது. பக்கத்தில் அன்ரி நல்ல சேலை கட்டி, கையைக் கூப்பி, நேரே பீடத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

பூசை முடிந்து மண்டபத்தில் ரோல்ஸ், பற்றீஸ், கேக். ஆட்கள் வந்து வந்து றூபனின் கையைப் பிடித்தார்கள். சூசைதாசன் அண்ணை என்று கோயில் சபையில் இருக்கிற ஒருவர் அவனைக் கட்டியே பிடித்துவிட்டார்.

"வாழ்த்துக்கள் தம்பி. எங்கட சனத்துக்கே பெருமை."

"கிடைக்கேல்லை அண்ணை," என்றான் றூபன். "வேலை எனக்குக் கிடைக்கேல்லை. வேறை ஆளுக்குக் குடுத்திட்டினம்."

மெற்றில்டா அன்ரி ரோல்ஸ் தட்டோடு நடுவில் புகுந்தார்.

"அவன் பகிடி விடுறான். நீங்கள் எடுங்கோ."

எல்லோரும் சிரித்தார்கள். ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. பூசையிலேயே வாசித்தாகிவிட்டது, அதற்குமேல் என்ன இருக்கிறது?

"பகிடி இல்லை," என்று றூபன் இன்னும் உரத்துச் சொன்னான். "என்ர ஆராய்ச்சி பிழை. வேலை கிடைக்கேல்லை."

"பாருங்கோ," என்றார் சூசைதாசன் அண்ணை, மண்டபம் முழுக்கக் கேட்க. "இவ்வளவு படிச்சும் என்ன பணிவு!"

எனக்குத் தட்டை அந்த மனுசனின் தலையில் கவிழ்க்கலாம் போல இருந்தது. றூபன் மண்டபத்துக்கு வெளியே போனான். அன்ரி பின்னால் போனார். நானும் போனேன்.

கார் நிறுத்துகிற இடத்தில் அவன் தாய்ப்பக்கம் திரும்பினான். அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு நின்றது.

"ஏனம்மா மாத்தேல்லை? கிடைக்கேல்லை எண்டு வெள்ளிக்கிழமையே சொன்னனானே. ஒரு போன் எடுத்துச் சொல்லியிருக்கலாமே."

அன்ரி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். அவரும் அழுதிருக்கிறார் என்று அப்போதுதான் கண்டேன்.

"அங்கை நீ ஒரு பொய்யோடை பேசாமல் நிண்டிருந்தால், இங்கை நான் இத்தினை பேருக்குப் பொய் சொல்லத் தேவையில்லையே தம்பி," என்றார். பிறகு, ரோல்ஸ் ஆறுகிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.